பேலன்ஸ் உங்ககிட்ட உண்மையைச் சொல்லணும்னா மூணு அக்கவுண்ட் வேணும்



மாசம் 1ஆம் தேதி சம்பளம் ஏறின மெசேஜ் வருது. ஆப்பைத் திறந்து பார்க்கிறீங்க, 32,000 ரூபாய். மனசுல அந்த எண் பதிஞ்சிடுது. அடுத்த பத்து நாள் எடுக்கிற முடிவு எல்லாம் அந்த எண்ணை வச்சுத்தான். ஆனா அந்த 32,000ல பெரும்பகுதி ஏற்கெனவே வேற யாருக்கோ சொல்லி வச்ச பணம். வீட்டு ஓனருக்கு, ஃபைனான்ஸ் கம்பெனிக்கு, ஊர்ல இருக்கிற அம்மாவுக்கு. மிச்சம்தான் உங்க பணம். அந்த மிச்சம் எவ்வளவுன்னு திரை காட்டுறதே இல்ல.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். சம்பளம் வாங்குற ஒவ்வொருத்தருக்கும் மூணு அக்கவுண்ட் வேணும். வரவுக்கு ஒண்ணு, செலவுக்கு ஒண்ணு, இருப்புக்கு ஒண்ணு. இந்த மூணும் குறைஞ்சது ரெண்டு வெவ்வேற பேங்க்ல இருக்கணும். அதுக்கு மேல அக்கவுண்ட் சேர்க்கிறது பெரும்பாலும் தலைவலிதான். ஏன்னு கணக்கோட பார்ப்போம்.

மீமிசல் பக்கத்துத் தம்பியோட கணக்கு

புதுக்கோட்டை மாவட்டத்துல, கிழக்குக் கடற்கரைச் சாலையில இருக்கிற ஊர் மீமிசல். பக்கத்துலயே கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம்னு விசைப்படகுகள் நிக்கிற ஊர்கள். அந்தப் பக்கத்துல இருந்து ஒரு தம்பி சென்னையில வேலை பார்க்கிறார்னு வச்சுக்குவோம். அப்பா விசைப்படகுல தொழிலுக்குப் போறவர். தம்பிக்குக் கையில வர்ற சம்பளம் 32,000.

கட்டாயமாப் போறது: ரூம் வாடகைப் பங்கு 6,000, வீட்டுக்கு 7,000, பைக் இஎம்ஐ 3,400, போன், நெட், கரண்ட் எல்லாம் சேர்த்து 1,100. மொத்தம் 17,500.

அடுத்தது வருஷத்துக்கு ஒரு தடவை, ரெண்டு தடவை வர்ற செலவு. பைக் இன்ஷூரன்ஸ் 2,000. தீபாவளி, பொங்கலுக்கு ஊருக்குப் போய்வர, துணி எடுக்க 12,000. குடும்பத்துக்கு மருத்துவச் செலவுன்னு ஒதுக்குறது 8,000. இதோட இன்னொண்ணு இருக்கு. வருஷா வருஷம் ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது, அப்பாவுக்கு வருமானம் கிடையாது. அரசு நிவாரணமா குடும்பத்துக்கு 8,000 ரூபாய் தருது. ரெண்டு மாசம் வீட்டை ஓட்ட அது பத்தாது. அதனால அந்த ரெண்டு மாசமும் தம்பி 4,000 கூடுதலா அனுப்பணும், அது ஒரு 8,000. இதெல்லாம் சேர்ந்தா வருஷத்துக்கு 30,000. மாசத்துக்கு 2,500.

சேமிப்புக்கு மாசம் 3,000 எடுத்து வைக்கணும்னு தம்பிக்கு ஆசை. ஆக 17,500 + 2,500 + 3,000 = 23,000. மிச்சம் 9,000. சாப்பாடு, பஸ், சினிமா, டீ எல்லாம் அதுக்குள்ள. ஒரு நாளைக்கு 300 ரூபாய்.

இப்ப எல்லாத்தையும் ஒரே அக்கவுண்ட்ல வச்சுப் பார்ப்போம். 1ஆம் தேதி வாடகையும் வீட்டுக்கு அனுப்புறதும் போயிடுச்சு, 13,000. ஒரு வாரம் நாளுக்கு 300ன்னு ஒழுங்கா செலவு பண்ணியிருக்கார், 2,100. 7ஆம் தேதி ராத்திரி பேலன்ஸ் 16,900. ஃப்ரெண்ட்ஸ் பாண்டிச்சேரி போலாம்ங்கிறாங்க, ஆளுக்கு 4,000. திரையில 16,900 இருக்கே, சரின்னு சொல்லிடறார்.

ஆனா அந்த 16,900ல இஎம்ஐ இருக்கு, பில் இருக்கு, சேமிப்பு இருக்கு, தடைக்காலத்துக்கான பங்கு இருக்கு. அவர் செலவுக்குன்னு உள்ளது 6,900தான். பாண்டிச்சேரி போய்ட்டு வந்தா 2,900, மாசத்துல மிச்சம் 23 நாள். நாளுக்கு 126 ரூபாய். சென்னையில 126 ரூபாயில ஒரு நாள் ஓட்ட முடியாது. அப்ப எதைத் தொடுவார்? இஎம்ஐயை விட முடியாது, பவுன்ஸ் ஆனா கடன் கொடுத்தவங்களும் பேங்க்கும் தனித்தனியா சார்ஜ் போடுவாங்க, கிரெடிட் ரிப்போர்ட்லயும் ஏறும். வீட்டுக்கு அனுப்பினதைத் திருப்பிக் கேக்க முடியாது. தொடுறது சேமிப்பையும், தடைக்காலப் பணத்தையும்தான். அடுத்த ஏப்ரல்ல அம்மா போன் பண்றப்ப கிரெடிட் கார்டு, இல்லன்னா லோன் ஆப்.

தம்பி ஊதாரி இல்ல. அவர் பார்த்த எண் தப்பான எண். செலவு அக்கவுண்ட்னு தனியா ஒண்ணு இருந்து, அதுல 6,900ன்னு தெரிஞ்சிருந்தா, 4,000 ரூபாய்ப் பயணத்துக்கு ரெண்டு தடவை யோசிச்சிருப்பார். போகவே கூடாதுன்னு நான் சொல்லல. தெரிஞ்சு போகணும்.

எல்லாம் என் பணம்தானே?

பணம் ஒண்ணுதான். குடிக்கிற தண்ணியும் குளிக்கிற தண்ணியும் ஒரே குழாயில வந்த தண்ணிதான், ஆனாலும் குடத்தையும் வாளியையும் வீட்ல தனித்தனியாத்தான் வைக்கிறோம். நம்ம அம்மாக்கள் இதை எப்பவோ செஞ்சாங்க. அரிசிப் பானைக்குள்ள, அஞ்சறைப் பெட்டிக்குள்ள ஒளிச்சு வச்ச சிறுவாட்டுப் பணம் வேற என்ன? வீட்டுச் செலவுப் பணத்தோட கலந்திருந்தா அது என்னைக்கோ கரைஞ்சிருக்கும்.

கடற்கரை ஊர்கள்ல அரசே இப்படி ஒரு திட்டம் நடத்துது. மீனவர் சேமிப்பு நிவாரணத் திட்டத்துல, மீனவர் தன் பங்கா 1,500 ரூபாய் கட்டுறார். மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து 3,000 போடுது. மீன்வரத்து குறையுற மாசங்கள்ல 4,500 ரூபாயா கைக்கு வருது. தொகை சின்னதுதான். ஆனா அது சொல்ற பாடம் பெருசு. வரவு இருக்கிற மாசத்துலயே, வரவு இல்லாத மாசத்துக்கான பணத்தைக் கைக்கு எட்டாத இடத்துல வச்சிடணும்.

இதை ஆராய்ச்சி பண்ணினவர் ரிச்சர்ட் தேலர். 2017ல பொருளாதார நோபல் வாங்கினவர். மனுஷங்க பணத்தை மனசுக்குள்ளயே தனித்தனிக் கணக்காப் பிரிச்சுப் பார்க்கிறாங்க, அதுக்கு ஏத்த மாதிரிதான் செலவும் பண்றாங்கன்னு காட்டினார். நம்ம மனசு எப்படியும் பிரிக்கத்தான் போகுது. அந்தப் பிரிவை பேங்க்லயும் பண்ணிட்டா, மாசக் கடைசியில மனசோட மல்லுக்கட்ட வேண்டாம்.

"எக்ஸெல் ஷீட் போட்டா போதாதா?" போதும், தினமும் எழுதுறவங்களுக்கு. ஆனா யுபிஐ வந்த பிறகு டீ குடிக்கக்கூட ஸ்கேன் பண்றோம். ஸ்கேன் பண்ற அந்த அஞ்சு செகண்டுக்குள்ள யாரும் எக்ஸெல்லைத் திறக்கிறதில்ல.

மூணையும் எப்படி அமைக்கிறது

ஒண்ணு, வரவு அக்கவுண்ட். பெரும்பாலும் கம்பெனி திறந்து கொடுக்கிற சேலரி அக்கவுண்ட்தான் இது. சம்பளம் இங்க வரும். வாடகை, வீட்டுக்கு அனுப்புறது, இஎம்ஐ, பில் எல்லாம் இங்க இருந்தே போகும். ஆட்டோ டெபிட் தேதிகளை முடிஞ்ச வரை சம்பள நாளை ஒட்டி வச்சுக்கோங்க. இதை எந்த யுபிஐ ஆப்லயும் இணைக்காதீங்க. ஏற்கெனவே இணைச்சிருந்தா எடுத்துடுங்க.

ரெண்டு, செலவு அக்கவுண்ட். யுபிஐ இதுல மட்டும்தான். 9,000த்தையும் ஒரே தடவை அனுப்பாதீங்க. ஒவ்வொரு திங்கக்கிழமையும் 2,100 போற மாதிரி ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் கொடுங்க. இங்க பேலன்ஸ் அடிக்கடி நூறு, இருநூறுன்னு இறங்கும். அதனால மினிமம் பேலன்ஸ் கேக்காத அக்கவுண்டா இருக்கணும். ஸ்டேட் பேங்க் 2020 மார்ச்லயே சேவிங்ஸ் அக்கவுண்டுக்கு மினிமம் பேலன்ஸ் விதியை எடுத்துடுச்சு. 2025ல கனரா பேங்க், இந்தியன் பேங்க் மாதிரி பொதுத்துறை பேங்க்குகளும் அதே வழிக்கு வந்தன. தனியார் பேங்க்ல திறக்கிறதா இருந்தா, கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி இதை மட்டுமாவது கேட்டுடுங்க.

மூணு, இருப்பு அக்கவுண்ட். இது சேலரி அக்கவுண்ட் இருக்கிற பேங்க்ல இருக்கவே கூடாது. சம்பளம் வந்த அன்னைக்கே 5,500 இங்க போகணும். 3,000 அவசர நிதி, 2,500 வருஷச் செலவு. யுபிஐ வேண்டாம். டெபிட் கார்டை பர்ஸ்ல வைக்காம ரூம்ல பத்திரமா வைங்க. எல்லா அக்கவுண்டும் ஒரே மொபைல் நம்பர்ல இருக்கும்ங்கிறதால, போன் தொலைஞ்ச அன்னைக்கு அந்தக் கார்டுதான் கை கொடுக்கும். தபால் ஆபீஸ் சேவிங்ஸ் அக்கவுண்டும் இதுக்கு ஒத்து வரும். 500 ரூபாய் இருப்பு இருந்தா போதும், வட்டி 4 சதவீதம். கொஞ்சம் நடந்து போய் எடுக்கணும்ங்கிற சிரமமே இதுல ஒரு வசதி. ஆனா பாதி ராத்திரி ஆஸ்பத்திரிக்குப் போறப்ப ஏடிஎம் வேணும். அவசர நிதியில ஒரு பகுதியாவது உடனே எடுக்கிற மாதிரி இருக்கட்டும்.

அவசர நிதி எவ்வளவு? கட்டாயச் செலவு 17,500, கைச்செலவு 9,000, மாசம் 26,500. மூணு மாசத்துக்கு 79,500. மாசம் 3,000 போட்டா ரெண்டு வருஷத்துக்கு மேல ஆகும். ஆகட்டும். போனஸ், இன்கிரிமென்ட் வந்தா வேகமாகும். அதுவரைக்கும் பாதி நிறைஞ்ச குடமும் குடம்தான்.

ரெண்டு பேங்க் ஏன்?

இது செலவுக் கட்டுப்பாட்டைவிடப் பெரிய விஷயம். கரூர்ல 1926ல தொடங்கின லக்ஷ்மி விலாஸ் பேங்க் ஞாபகம் இருக்கா? தமிழ்நாட்டுல பல குடும்பங்கள் தலைமுறையா நம்பி வச்சிருந்த பேங்க். 2020 தீபாவளி முடிஞ்ச மூணாவது நாள், நவம்பர் 17 சாயங்காலம், மத்திய அரசு அதுக்குத் தடை போட்டுச்சு. ஒருத்தர் 25,000 ரூபாய்க்கு மேல எடுக்க முடியாது. மருத்துவம், படிப்பு, கல்யாணம் மாதிரி அவசரத்துக்குத்தான் விதிவிலக்கு. நவம்பர் 27 அன்னைக்கு டிபிஎஸ் பேங்க்கோட இணைச்ச பிறகுதான் தடை நீங்குச்சு. டெபாசிட் போட்டவங்க பணம் பத்திரமா இருந்துச்சு, ஷேர் வச்சிருந்தவங்களுக்கு மொத்தமும் போச்சு. அதே வருஷம் மார்ச் 5ஆம் தேதி யெஸ் பேங்க்ல 50,000 ரூபாய்னு வரம்பு போட்டு, 18ஆம் தேதிதான் எடுத்தாங்க.

ரெண்டுலயும் டெபாசிட் தப்பிச்சுது. ஆனா அந்தப் பத்துப் பதிமூணு நாள்ல உங்களுக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டியிருந்தா? இஎம்ஐ தேதி வந்திருந்தா? பணம் பத்திரமா இருக்கிறதும், வேணும்ங்கிறப்ப கைக்கு வர்றதும் வேற வேற.

பேங்க் ஒருவேளை மூழ்கினா டெபாசிட் இன்ஷூரன்ஸ் இருக்கு. 2020 பிப்ரவரி 4ல இருந்து, ஒரு பேங்க்ல ஒருத்தருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரை. அதுக்கு முன்னாடி 1993ல இருந்து 1 லட்சமாத்தான் இருந்துச்சு. ஒரே பேங்க்கோட மூணு கிளையில மூணு அக்கவுண்ட் வச்சாலும் மொத்தமாச் சேர்த்து 5 லட்சம்தான். ரெண்டு பேங்க்ல வச்சா ரெண்டுக்கும் தனித்தனியா.

இப்ப அதிகமா நடக்கிறது இன்னொண்ணு, அக்கவுண்ட் ஃப்ரீஸ். ஆன்லைன் மோசடியில போன பணம் கை மாறிக் கை மாறி உங்க அக்கவுண்டுக்கு ஒரு சின்னத் தொகையா வந்திருந்தாக்கூட, சைபர் கிரைம் போலீஸ் கேட்டுக்கிட்டா பேங்க் அந்த அக்கவுண்டை நிறுத்தி வைக்கும். பழைய போனை வித்த காசா இருக்கலாம், தெரியாதவர் அனுப்பினதா இருக்கலாம். நீங்க நிரபராதின்னு காட்டி மீட்கிற வரைக்கும் அலைச்சல்தான். சம்பளம், வாடகை, சாப்பாடு எல்லாம் அந்த ஒரே அக்கவுண்ட்ல இருந்தா என்ன பண்ணுவீங்க? வெளியாள் பணம் வர்றது போறது எல்லாம் செலவு அக்கவுண்டோட நிக்கட்டும். நீங்களே ஏமாந்து யுபிஐ பின் போட்டுட்டாலும் போறது 2,100க்குள்ள. அப்பவும் தாமதிக்காம 1930க்குப் போன் பண்ணுங்க.

இதோட ஒரு எச்சரிக்கை. "உன் பேர்ல ஒரு அக்கவுண்ட் திறந்து, ஏடிஎம் கார்டும் சிம்மும் கொடு, 5,000 தரேன்"னு சொல்ற ஆளுங்க காலேஜ் பசங்களையும் புதுசா வேலைக்கு வந்தவங்களையும்தான் தேடி வர்றாங்க. ஃப்ரெண்டே கேட்டாலும் கொடுக்காதீங்க. மோசடிப் பணம் உங்க பேர்ல ஓடும், கேஸும் உங்க பேர்லதான் வரும்.

கைக்காசையும் மறந்துடாதீங்க. 2018 நவம்பர் 16 கஜா புயல்ல புதுக்கோட்டை மாவட்டத்துல பல ஊர்கள் நாள் கணக்குல கரண்ட் இல்லாம கிடந்துச்சு. கரண்ட் இல்லன்னா ஏடிஎம்மும் இல்ல, யுபிஐயும் இல்ல. மழைக்காலத்துல ஊர் வீட்ல ரெண்டு, மூணாயிரம் நோட்டா இருக்கட்டும்.

அப்பா அக்கவுண்டும் உங்க சேமிப்பும்

இது கொஞ்சம் சங்கடமான விஷயம், ஆனாலும் சொல்லணும். நம்ம ஊர்ப் பக்கம் பல பேர் வீட்டுச் செலவுக்கானதையும், சேர்த்து வைக்க வேண்டியதையும் ஒண்ணா அப்பா அக்கவுண்டுக்கே அனுப்பிடறாங்க. "அப்பா பத்திரமா வச்சிருப்பார்." அவர் வச்சிருப்பார்தான். ஆனா மழையில கூரை ஒழுகுனா, சொந்தத்துல கல்யாணம் வந்தா, கையில இருக்கிற பணத்தை எடுத்துத்தான் ஆகணும். ரெண்டு வருஷம் கழிச்சு "எவ்வளவுப்பா இருக்கு?"ன்னு கேட்டா, அது கணக்குக் கேட்ட மாதிரி ஆயிடும். அவருக்கும் வருத்தம், உங்களுக்கும் வருத்தம்.

வீட்டுக்குக் கொடுக்கிற 7,000 அவங்களோடது, அதுக்குக் கணக்கே கேக்காதீங்க. சேமிப்பு உங்க பேர்ல உங்க இருப்பு அக்கவுண்ட்ல இருக்கட்டும், அதுக்கு அப்பாவையோ அம்மாவையோ நாமினியாப் போடுங்க. 2025 நவம்பர் 1ல இருந்து ஒரு அக்கவுண்டுக்கு நாலு பேர் வரை நாமினி வைக்கலாம். எந்தெந்த பேங்க்ல அக்கவுண்ட் இருக்குன்னு ஒரு தாள்ல எழுதி வீட்ல கொடுத்து வைங்க. பின் நம்பரை மட்டும் அதுல எழுதாதீங்க.

வெளிநாடு போற எண்ணம் இருக்கிறவங்களுக்கும் ஒரு வார்த்தை. வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ வேலைக்குப் போய் என்ஆர்ஐ ஆனதும், இங்க உள்ள சாதாரண சேவிங்ஸ் அக்கவுண்டை அப்படியே ஓட்டக் கூடாது. பேங்க்ல சொல்லி என்ஆர்ஓ அக்கவுண்டா மாத்தணும். அங்க சம்பாதிச்சு அனுப்புறதுக்கு என்ஆர்இ அக்கவுண்ட் தனியா. அதோட வட்டிக்கு இங்க வருமான வரி இல்ல, பணத்தைத் திரும்ப வெளிநாட்டுக்கு எடுத்துட்டுப் போகவும் தடை இல்ல.

மூணோட நிறுத்துங்க

வேலை மாறுற ஒவ்வொரு தடவையும் ஒரு சேலரி அக்கவுண்ட் பின்னாடியே வரும். பழைய அக்கவுண்ட்ல சில மாசம் சம்பளம் வரலன்னா, பல பேங்க்குகள் அதைச் சாதாரண சேவிங்ஸ் அக்கவுண்டா மாத்திடும். ஜீரோ பேலன்ஸ் சலுகை போயிடும், மினிமம் பேலன்ஸ் அபராதம், டெபிட் கார்டு வருஷக் கட்டணம், எஸ்எம்எஸ் சார்ஜ்னு ஒவ்வொண்ணா ஏறும். புது அக்கவுண்டுக்கு ஆட்டோ டெபிட் எல்லாத்தையும் மாத்திட்டு, ஒரு மாசம் ஓட விட்டுப் பார்த்துட்டு, பழசை மூடுங்க.

ரெண்டு வருஷம் நீங்க எந்தப் பரிவர்த்தனையும் பண்ணலன்னா அக்கவுண்ட் செயலற்றதுன்னு ஆகும். 2024 ஏப்ரல் 1ல இருந்து அப்படி ஆன அக்கவுண்டுக்கு மினிமம் பேலன்ஸ் அபராதம் போடக் கூடாது, திரும்பத் திறக்கக் கட்டணமும் வாங்கக் கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் விதி இருக்கு. பத்து வருஷம் தொடாம இருந்தா அந்தப் பணம் ரிசர்வ் பேங்க் நிதிக்குப் போயிடும், பிறகும் கேட்டு வாங்கலாம். தாத்தா, அப்பா பேர்ல அப்படி ஏதாவது கிடக்கான்னு தேட 2023 ஆகஸ்ட்ல உத்கம்னு ஒரு போர்ட்டல் திறந்திருக்காங்க. இருப்பு அக்கவுண்டைத் தூங்க விடாம இருக்க, மாசாமாசம் போடுறதோட நீங்களும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஒரு சின்னத் தொகையை எடுத்துப் பாருங்க.

வரியும் உண்டு. எல்லா சேவிங்ஸ் அக்கவுண்ட் வட்டியும் உங்க பான் நம்பர் வழியா வருமான வரித் துறைக்குத் தெரியும். ரிட்டர்ன் போடுறப்ப மூணு அக்கவுண்டையும் காட்டணும், மூணு வட்டியையும் சேர்க்கணும். பழைய வரி முறையில சேவிங்ஸ் வட்டிக்கு 10,000 வரை கழிவு உண்டு, புது முறையில கிடையாது.

அடுத்த சம்பளத்துக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்து, உங்க கட்டாயச் செலவையும் வருஷச் செலவையும் ஒரு தாள்ல எழுதுங்க. சம்பளத்துல இருந்து கழிச்சு வர்ற மிச்சத்தை 30ஆல வகுங்க. அதுதான் உங்க ஒரு நாள் காசு. தம்பிக்கு அது 300. உங்களுக்கு எவ்வளவுன்னு தெரிஞ்சதும், திங்கக்கிழமை எவ்வளவு அனுப்பணும்னு ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் போட அஞ்சு நிமிஷம்தான் ஆகும்.